நோன்பில்லாத நாலு நாள்

எங்கள் ஊரில் யாருக்கு என்ன வருத்தம் என்று எனக்குத் தெரியும். கோள் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, பார்மசி நடத்துகிறவளுக்கு அது தானாகவே வந்து சேரும். யாருக்குச் சீனி, யாருக்குப் பிரஷர், எந்தப் புதுமாப்பிள்ளை எதையோ கேட்க வந்து, கேட்க வாய் வராமல் இரண்டு இருமல் மிட்டாயை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார் என்பதெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். பாலாவியிலிருந்து கல்பிட்டிக்குப் போகிற பாதையில், ஆலங்குடாவுக்கு இரண்டு கட்டைத் தூரம் இப்பால் கடை. வலப்பக்கம் களப்பும் உப்பளமும், இடப்பக்கம் வெங்காயத் தோட்டம், அதற்கப்பால் கடல். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும்.

ஒரே ஒரு வீட்டின் வருத்தம் மட்டும் பத்து வருடமாக எனக்குத் தெரியாமல் போனது. அதுவும் கடைக்கு நேர் பின்னால், மதிலோடு மதிலாக இருக்கிற வீடு. அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

அது பள்ளிவாசல் கொடுத்த வீடு. பதுர்தீன் எங்கள் பள்ளியின் மோதினார், ஐந்து நேரத் தொழுகைக்கும் பாங்கு சொல்லி அழைக்கிறவர். தொண்ணூறாம் ஆண்டு விரட்டப்பட்டு மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கல்பிட்டியில் இறங்கியபோது அவருக்குப் பதினேழு வயது. கையில் ஒரு பையும் தொண்டையில் ஒரு குரலும்தான் இருந்தன. உப்பளத்தில் உப்பு வாரினார், லொறியில் மூட்டை ஏற்றினார், பிறகு அந்தக் குரலைக் கேட்ட பள்ளி நிர்வாகம் வீட்டையும் கொடுத்து வேலையையும் கொடுத்தது. இருபத்திரண்டு வருடமாக எங்கள் ஊருக்கு விடிவதும் பொழுது சாய்வதும் அவர் குரலில்தான்.

அவர் பெரிய நோன்பாளி. திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பதுர்தீன் தினமும் பிடிப்பார். நோன்பு பிடிக்கக் கூடாத நாள் வருடத்தில் ஐந்து. நோன்புப் பெருநாள் ஒன்று, ஹஜ்ஜுப் பெருநாளும் அதன் பின்னால் வருகிற மூன்று நாளும். அந்த ஐந்து நாளைத் தவிர அவர் பகலில் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்ததை யாரும் கண்டதில்லை. “ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிடிங்களேன்” என்று மௌலவி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “எனக்குப் பழகிப் போச்சு மௌலவி” என்று சிரித்தாராம்.

ஊர் அதைக் கொண்டாடியது. கன்னம் ஒட்டியபோது வணக்கம் என்றார்கள். தோள் எலும்பு ஜுப்பாவுக்கு மேலால் தெரிந்தபோது உலக ஆசையை விட்டவர் என்றார்கள். இந்த வருடம் முகம் வெள்ளைச் சீலைபோல வெளிறியதும் “மோதின் நானாட முகத்துல நூர் இறங்கியிருக்கி” என்று பெண்கள் கண் கலங்கினார்கள். நானும் தலையாட்டினேன். இரத்தம் குறைந்தவனின் முகத்தைத் தினமும் பத்துப் பேரிடம் பார்க்கிறவள் நான். அந்த முகத்தில் மட்டும் ஒளியைப் பார்த்தேன். கண் இருந்தும் குருடி.

அப்பேர்ப்பட்டவரிடம் தண்ணீர் ஓதிக் குடித்தால் குணமாகும் என்று போத்தலோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அதிலும் வயிற்று வருத்தத்துக்கு அவர் கைராசிக்காரர் என்று பெயர். பிள்ளைக்கு வயிற்றால் போகிறதென்று என்னிடம் வருகிறவர்களுக்கு தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி இரண்டு பைக்கட்டைக் கொடுத்துவிட்டு, “அப்பிடியே பின்னால பெய்த்து மோதின் நானாட்ட தண்ணியும் ஓதிக்கங்க” என்று நானேதான் அனுப்பினேன்.

அவர் மனைவி மர்ளியா மாதத்துக்கு இரண்டு தடவை கடைக்கு வருவாள். வயிற்றோட்டத்தை நிறுத்துகிற குளிசை ஒரு கார்டு, வாயுவுக்கு ஒரு கார்டு. “எனக்குத்தான் லாத்தா, எண்ணெய்ச் சாமான் ஒத்துக்கொள்றதில்ல” என்பாள். நானும் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய நாள், அறபா நோன்பு அன்று, நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து ஒரு மணித்தியாலம் இருக்கும். கச்சான் காற்று மண்ணை அள்ளிக் கண்ணாடி அலுமாரியில் அடித்துக்கொண்டிருந்தது. நானும் நோன்பு. நோன்போடு எனக்குக் கோபம் இரண்டு மடங்கு. மர்ளியா உள்ளே வந்து முந்தானையால் முகத்து மண்ணைத் துடைத்துவிட்டு, “லாத்தா, அந்தக் குளிசை நாப்பது தாங்க” என்றாள்.

“நாப்பதா? என்ன, நீயும் கடை போடப் போறயா?”

“பெருநாள்தானே. நாலு நாளும் இறைச்சி. அதுக்குத்தான்.”

“இங்க பாரு மர்ளியா. நாலு நாளைக்கு நாப்பது குளிசை தேவைப்படுற ஆளு இப்பிடி நேரா நிண்டு கதைக்க மாட்டா. ஆருக்கு?”

“எனக்குத்தான்.”

“அறபா நோன்பு பிடிச்சிக்கிட்டுப் பொய் சொல்றயா?”

அவள் பிளாஸ்டிக் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுகை வந்துவிட்டது. நான் கடை வாசல் கதவைச் சாத்தி, ‘தொழுகை’ என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டேன்.

“சொல்ல ஏலா லாத்தா. சத்தியம் பண்ணியிரிக்கிறன். அல்லாஹ் மேல.”

“சரி, நீ வாயத் திறக்காத. நான் கேக்கிறன், நீ தலைய மட்டும் ஆட்டு. மோதின் நானாவுக்கா?”

தலை அசைந்தது.

“எவ்வளவு காலம்?”

பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

“வயித்த முறுக்கி வலிக்கும், கக்கூசுக்குப் பெய்த்து வந்தாக் குறையும். அப்பிடியா?”

ஆட்டினாள்.

“ஒரு கிழமை தண்ணியாப் போகும், அடுத்த கிழமை போகவே போகாது. வயிறு ஊதிக்கிட்டு நிக்கும்.”

ஆட்டினாள்.

“கவலை, பதட்டம் வந்தாக் கூடும்?”

அதற்குமேல் அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. “அதையேன் கேக்கிறீங்க லாத்தா! பிறை கண்டவுடனே தொடங்கிடும். பெருநாள் எண்டா ஊர் முழுக்கச் சந்தோசப்படும், எங்கட ஊட்டுல மட்டும் நடுக்கம். பத்து வருசத்துக்கு முந்திக் களவாக் கொழும்புக்குப் பெய்த்து ஒரு டொக்டருக்குக் காட்டினோம். எல்லாச் சோதினையும் செஞ்சி பாத்துட்டு ஐபிஎஸ் எண்டார். குடல் கோவிச்சுக்கொள்ற வருத்தமாம். ‘இதால சாகமாட்டீங்க, ஆனா சாகுற வரைக்கும் கூடவே இரிக்கும்’ எண்டு சிரிச்சார்.”

“அவர் சொன்னது சரிதான். அது ஆளப் பாடாப் படுத்துற வருத்தம். ஆனாக் கொல்லாது. சரி, நோன்பு?”

அவள் மதில் பக்கம் பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் இருக்கிறார் என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள்.

“பகல்ல சாப்பிடாட்டிப் போற தேவை வராது. பாங்கு சொல்லப் போகேக்க, கை கால் கழுவி எடுத்த வுளு முறியாது. லுஹர்ல ஒருநாள் பாதிப் பாங்குல வயித்த முறுக்கி, எப்பிடியோ முடிச்சிட்டு ஓடி வந்தார். அண்டைக்குத்தான் யோசிச்சார். முதல்ல கிழமைக்கு ரெண்டு நாள். பிறகு நாலு நாள். பிறகு ஆக்கள் ‘நோன்பாளி, நோன்பாளி’ எண்டு சொல்லத் தொடங்கிட்டாங்க. ஒருநாள் பிடிக்காட்டி, ‘என்ன மோதின் நானா, சொகமில்லயா’ எண்டு கேக்கிறாங்க. அதுக்குப் பிறகு விட ஏலாமப் போச்சு. மாட்டிக்கிட்டார் லாத்தா. நாங்க எல்லாரும் மாட்டிக்கிட்டோம்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஊரே மெச்சுகிற நோன்பு கக்கூசுக்குப் பயந்து பிடித்த நோன்பு. அப்போதுதான் அவள் கேட்ட நாற்பது குளிசை மறுபடி நினைவுக்கு வந்தது. பத்து வருடமாக ஒரு கார்டில் அடங்கிய வருத்தத்துக்கு இன்றைக்கு எதற்கு நாற்பது?

“மர்ளியா, ரத்தம் போகுதா?”

தலை மேலும் கீழும் ஆடவில்லை, பக்கவாட்டிலும் ஆடவில்லை.

“எப்ப இருந்து?”

“றமழானுக்கு முந்தி.”

“நித்திரையில எழுப்புதா?”

“ஓம். முந்தி அப்பிடி இல்ல. பகல்ல என்ன பாடு பட்டாலும் படுத்தா விடிய வரைக்கும் ஒண்டும் இல்ல. இப்ப ரெண்டு மூணு தரம் எழும்பி ஓடுறார். மூலமா இரிக்கும் எண்டு சொல்றார். இல்லாட்டி அந்தப் பழைய வருத்தம்தானாம், கொஞ்சம் முத்தியிரிக்காம். ‘டொக்டர்தான் அண்டைக்கே சொல்லிட்டாரே, இதால சாகமாட்டன் எண்டு’ எண்டு என்ன அதட்டுறார்.”

மேசைக்கு இந்தப் பக்கம் வந்து அவளுக்கு முன்னால் குந்தினேன்.

“கவனமாக் கேளு. ஐபிஎஸ் வலிக்கும், ஊதும், ஓட வைக்கும், அடைக்கும். ரத்தம் எடுக்காது. நித்திரையில இரிந்து எழுப்புறது குறைவு. ஆள உருக்காது, முகத்த வெளிற வைக்காது. இதுல ஒண்டு வந்தாலே அண்டைக்கே காட்டோணும். இவருக்கு நாலும் இரிக்கி, வயசும் அம்பதத் தாண்டிட்டு. இது வேற ஏதோ. பழைய வருத்தத்துட பேருக்குப் பின்னால ஒளிஞ்சி நிக்கிது.”

“மெலிஞ்சது நோன்பால எண்டு நினைச்சன் லாத்தா.”

“ஊரே அப்பிடித்தான் நினைச்சிது. நானும்தான். சரி, நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போ.”

“நாளைக்குப் பெருநாள். தக்பீர் சொல்லோணும். இஸ்ஹாக் ஹாஜியார் ஊட்டுச் சஹன்ல இவரு இல்லாட்டி அவர் ஒருத்தரையும் சாப்பிட விடமாட்டார். பிறகு... டொக்டர் எப்பிடி மெலிஞ்ச எண்டு கேப்பார். நோன்பு எண்டு சொல்லோணும். ஏன் தினம் நோன்பு எண்டு கேப்பார். அதுக்கு மறுமொழி சொல்ல இவரால ஏலா. ‘செத்தாலும் சாவன், அத மட்டும் என்ட வாயால சொல்ல மாட்டன்’ எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கிட்டார், நானும் சொல்லக் கூடாதெண்டு.”

“சத்தியத்த முறிச்சாப் பத்து ஏழைக்குச் சாப்பாடு குடுக்கோணும். அவ்வளவுதானே? நான் ஆக்கிப் போடுறன். நெய்ச்சோறே ஆக்கிப் போடுறன்.”

கண்ணீருக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. “சோத்த ஆக்கிப் போடலாம் லாத்தா. அதுக்குப் பிறகு அவர்ட முகத்த நான் எப்பிடிப் பாக்குற?”

குளிசை ஒன்றும் நான் கொடுக்கவில்லை. இரத்தத்தோடு போகிறவருக்கு அதைக் கொடுத்து அடைப்பது, உள்ளே நெருப்பை வைத்துக் கதவைப் பூட்டுவது மாதிரி. ஜீவனி மட்டும் நாலு பைக்கட்டைக் கையில் திணித்தேன். “நாலு நாள். அதுக்குமேல நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்” என்றேன். அவள் போன பிறகு, பத்து வருடமாக எத்தனை கார்டு கொடுத்திருப்பேன் என்று மனதுக்குள் கூட்டிப் பார்க்கத் தொடங்கிப் பாதியில் பயந்துபோய் விட்டுவிட்டேன்.

பெருநாள் காலையில் அவருடைய தக்பீர் கேட்டது. குரலில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

இஸ்ஹாக் ஹாஜியார் பள்ளியின் தலைவர், பெரிய வெங்காயத் தோட்டக்காரர், நல்ல மனுசன். அவர் வளவில் மூன்று மாடு அறுத்தார்கள். தென்னோலைத் தடுக்குகளில் இறைச்சியைக் கூறு போட்டு, எலும்பையும் ஈரலையும் சரிசமமாகப் பங்கிட்டு, பிள்ளைகளிடம் வீடு வீடாகக் கொடுத்தனுப்பினார்கள். பெண்கள் நாங்கள் குசினிப் பக்கம் வெங்காயம் வெட்டினோம். மோதினாரின் மகள் ஜுமானா வட்டிலப்பக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளியில் காற்று, ஆலங்குடாக் கடலில் வெள்ளைக்காரர்கள் அலையில் சறுக்க விடுகிற பட்டங்கள் தென்னைக்கு மேலால் தெரிந்தன.

லுஹருக்குப் பிறகு ஆண்களுக்குச் சஹன் வைத்தார்கள். ஒரு பெரிய தட்டு, அதைச் சுற்றி ஆறு பேர், எல்லாரும் ஒரே தட்டில், அவரவர் தன் முன்னால் இருக்கிறதைச் சாப்பிடவேண்டும். தனித் தட்டென்றால் கொஞ்சமாய்ப் போட்டுக்கொள்ளலாம், மறைக்கலாம், கழுவப் போகிற சாட்டில் கொட்டலாம். சஹனில் ஒன்றும் மறைக்க முடியாது. ஐந்து பேரின் பக்கம் குழியாகும், சாப்பிடாதவன் பக்கம் மட்டும் சோறு குவியலாக நிற்கும்.

குசினி யன்னலால் நானும் மர்ளியாவும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவருடைய சஹனில் உட்காரப் போட்டி. ஹாஜியார் அவரைத் தனக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பதுர்தீன் சோற்றைப் பிசைந்தார், உருட்டினார், வாய்க்குக் கொண்டுபோனார், மறுபடி பிசைந்தார். மூன்று வாய் போயிருக்கும். நெற்றியில் வியர்வை. மற்ற ஐந்து பக்கமும் தட்டின் அடி தெரிந்தது. அவர் பக்கம் இறைச்சித் துண்டோடு சோறு அப்படியே நின்றது.

“சாப்பிடுங்க மோதின் நானா!” என்றார் ஒருவர்.

“அவரு பசிய வென்ற மனுசன்” என்றார் ஹாஜியார். “அவரு மிச்சம் வைக்கிற சோறு பரக்கத்து. தாங்க இங்கால.” சொல்லிவிட்டு மோதினார் முன்னால் இருந்த சோற்றை அள்ளி, பக்கத்திலிருந்தவர்களுக்கும் ஆளுக்கு ஒரு பிடி பங்கிட்டார். பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டார்கள். பதுர்தீன் குனிந்த தலை நிமிராமல் இருந்தார். மர்ளியா என் கையைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது ஏன் ஓடுகிறதென்று இப்போது எனக்குத் தெரியும். உள்ளே நடப்பது வெளியே கேட்காமலிருக்க, குழாயை முழுக்கத் திறந்து வைப்பது. இதே சத்தத்தைப் பத்து வருடமாகக் கேட்டு, “என்ன சுத்தமான குடும்பம்” என்று நினைத்தவள் நான்.

நாலாம் நாள் ஊர் முழுக்க வயிற்றுக் கோளாறு. மூன்று நாள் இறைச்சி சும்மா விடுமா? பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னாலேயே மோதினார் வீட்டு முற்றத்தில் போத்தலோடு பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். அந்த வீட்டின் கக்கூசு வளவுக்குக் கடைசியில், மதில் ஓரமாக, தகரக் கதவோடு இருக்கிறது. கதவைத் திறந்தால் முற்றத்தைத்தான் பார்க்கும். உள்ளே போனவர் வெளியே வரவேண்டுமென்றால் அத்தனை பேர் முகத்துக்கும் முன்னால் வரவேண்டும்.

அஸர் நேரம் வந்தது. பாங்கு கேட்கவில்லை. ஐந்து நிமிடம் பொறுத்தேன். எட்டு நிமிடம் ஆனது. கடையைப் பூட்டாமலேயே பின்பக்கம் ஓடினேன்.

மர்ளியா வீட்டு வாசல்படியில் நின்றுகொண்டு, “ஓதிக்கிட்டிரிக்கிறார், ஓதிக்கிட்டிரிக்கிறார், இப்ப வந்திருவார்” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜுமானா தூணைக் கட்டிப்பிடித்தபடி தகரக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் அடியால் தண்ணீர் ஓடி முற்றத்து மணலை நனைத்திருந்தது. தண்ணீரின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஹாஜியார் வேகமாக வந்தார். “பாங்கு எங்க? இருபத்திரண்டு வருசத்துல இப்பிடி நடந்ததில்லயே. மோதின் நானா எங்க தங்கச்சி?”

“உள்ளுக்கு... ஓதிக்கிட்டு...”

“நேரம் போகுதே! நான் பெய்த்துப் பாக்கிறன்.” செருப்பைக் கழற்றிப் படியில் கால் வைத்தார்.

மர்ளியா என்னைப் பார்த்தாள். நானே சொல்லியிருப்பேன், வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“ஹாஜியார், ஊட்டுக்குள்ள இல்ல. கக்கூசுக்குள்ள இரிக்கிறார். விடியச் சுபஹுக்குப் பிறகு இது ஏழாவது தரம். ரத்தமாப் போகுது. நாலஞ்சி மாசமாப் போகுது.”

குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போத்தலோடு நின்ற ஒரு பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். “யா அல்லாஹ்! எங்கட வருத்தத்த எல்லாம் தன்ட வயித்துல வாங்கிட்டாரே!”

“ஓம்... தண்ணி ஓதித் தந்த ஒவ்வொரு தரமும்...” என்றார் இன்னொருவர்.

“எங்கட புள்ளக்கிச் சொகமானதும் அப்பிடித்தான்.”

தீப்போல அது ஆளுக்கு ஆள் பரவியது. ஹாஜியாரின் கண்ணும் நிறைந்துவிட்டது. எனக்கு உச்சியில் ஏறியது. இத்தனை கஷ்டப்பட்டு அவள் ஒரு உண்மையைச் சொன்னாள். அதையும் அவர் தலையில் ஒரு கிரீடமாகத் தூக்கி வைக்கிறார்களே! நான் வாயைத் திறக்கப் போனேன். அந்த நேரம் தகரக் கதவு திறந்தது.

பதுர்தீன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். சாரம் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அத்தனை பேரையும் ஒரு தடவை பார்த்தார்.

“நான் ஆர்ட வருத்தத்தையும் வாங்கல்ல” என்றார். ஊரையே எழுப்புகிற அந்தக் குரல் நாலு முழத்துக்குத்தான் கேட்டது. “இது என்ட வருத்தம். பத்து வருசமா இரிக்கி. நான் நோன்பு பிடிச்சதும் இதுக்காகத்தான். பகல்ல கக்கூசுக்குப் போகாம இரிக்க. அல்லாஹ்வுக்காக எண்டு நிய்யத்த வாயால சொன்னன், மனசுல இரிந்தது இந்தத் தகரக் கதவுதான். நீங்க நோன்பாளி எண்டீங்க. நான் இல்லெண்டு சொல்லல்ல. ஒரு நாளாவது சொல்லியிரிக்கலாம். வெக்கமா இரிந்திச்சு. அந்த நோன்ப அல்லாஹ் என்ட முகத்துல எறிவானோ என்னமோ, எனக்குத் தெரியா. பாங்க வேற ஆரும் சொல்லட்டும் ஹாஜியார். எனக்கு ஏலா.”

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். ஜுமானா “வாப்பா!” என்று ஓடினாள்.

ஹாஜியார் சுற்றியிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “பாத்தீங்களா? எவ்வளவு பணிவு! பெரிய மனுசர்மார் தங்கட வணக்கத்தையும் அமலையும் இப்பிடித்தான் மறைப்பாங்க.”

பதுர்தீன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. கிணற்றுக்குள் கிடக்கிறவனுக்குக் கயிறு போடாமல் மேலே நின்று ஸலவாத்து ஓதினால் எப்படிப் பார்ப்பான், அப்படிப் பார்த்தார்.

“ஹாஜியார்!” நான் போட்ட சத்தத்தில் காகம் பறந்தது. “பணிவும் இல்ல, பம்மாத்தும் இல்ல! அந்த மனுசன் உண்மையச் சொல்றார், கேக்கிறதுக்கு ஒரு காது இல்லயா இந்த ஊர்ல? ஒடம்புல ரத்தம் இல்ல அவருக்கு. நீங்க எல்லாரும் நூர் எண்டு பாத்தது ரத்தம் இல்லாத முகத்த. நானும்தான் பாத்தன், என்ன முதல்ல செருப்பால அடிங்க. ஸுஹைப், நிண்டு பாக்காத! த்ரீவீல எடு!”

போத்தலோடு நின்ற த்ரீவீல்காரப் பையன் ஸுஹைப் ஓடினான். ஹாஜியார் என்ன நினைத்தாரோ, குனிந்து, பதுர்தீனின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். தூக்கியவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். “பாரமே இல்லயே புள்ள” என்றார். மூன்று நாளுக்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுசனுக்கு அப்போதுதான் அது தெரிந்தது.

நாங்கள் பாதையில் ஏறியபோது பள்ளியில் யாரோ பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். பழக்கமில்லாத குரல், இரண்டு இடத்தில் உடைந்தது. பதுர்தீன் மர்ளியாவின் தோளில் சாய்ந்தபடி ஒவ்வொரு வரிக்கும் உதட்டால் மறுமொழி சொன்னார். உப்பளப் பக்கமாக வந்த காற்று த்ரீவீலை இழுத்து இழுத்து விட்டது. “சீட் நனையுது, ஸுஹைப்” என்று கூச்சத்தோடு சொன்னார். “நனையட்டும் மோதின் நானா, கழுவினாப் போகும்” என்றான் ஸுஹைப், திரும்பிப் பார்க்காமலே.

புத்தளம் பெரியாஸ்பத்திரியில் அவரை உடனே கட்டிலில் போட்டார்கள். இளம் டொக்டர், சிங்களப் பெண்பிள்ளை. எங்கள் தமிழ் அவருக்குப் பாதிதான் விளங்கியது, மர்ளியாவின் சிங்களமும் பாதிதான். நடுவில் நான் நின்றேன். இரத்தத்தை எடுத்துச் சோதித்து, சாதாரண ஆளுக்கு இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை என்றார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். இடப்பக்கம் ஓரிடத்தில் அவருடைய விரல் நின்றது, மறுபடி அதே இடத்துக்குப் போனது.

ஐபிஎஸ் என்று பத்து வருடத்துக்கு முன்னால் சொன்னதைச் சொன்னேன். அது அன்றைக்குச் சரியாக இருந்திருக்கும் என்றார். ஐபிஎஸ் இருக்கிறவருக்கு வேறு வருத்தம் வராதென்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே என்றும் சொன்னார். இரத்தம் ஏற்றவேண்டும், குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கவேண்டும், அதற்குப் பிறகுதான் எதையும் சொல்ல முடியும். டொக்டரின் முகத்தை வைத்துப் பார்த்தால், அவருக்கு ஏற்கனவே ஏதோ தெரியும் போலத்தான் இருந்தது.

பிறகு பேனையை எடுத்துக்கொண்டு கேட்டார்: எவ்வளவு காலத்தில் எத்தனை கிலோ குறைந்திருக்கிறார்?

பதுர்தீனுக்குத் தெரியவில்லை. தராசில் ஏறியே பல வருடமாம். நான் மர்ளியாவிடம் கேட்டேன். எங்களுக்கென்ன தெரியும் என்பதுபோல முதலில் கையை விரித்தாள். விரித்த கையை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இவர்ட ஜுப்பாவ நான் மூணு தரம் பிரிச்சித் தைச்சன்” என்றாள் மெதுவாக. “தொளதொள எண்டு இரிக்கி, சின்னதாக்கித் தா எண்டு தருவார். ஒவ்வொரு தரமும் ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு விரல். முதல் தரம் மீலாது மாசம், ஒம்பது மாசம் இரிக்கும். ரெண்டாந் தரம் றமழானுக்கு. மூணாந் தரம் போன கிழமை, இந்தப் பெருநாளுக்கு.”

நான் சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் தன் விரலைச் சேர்த்து வைத்து அளந்து பார்த்துவிட்டு, குனிந்து எழுதினார். எழுதி முடிக்கும் வரைக்கும் மர்ளியா அந்தப் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தானே லாத்தா தைச்சன்” என்றாள். “என்ட கையால, மூணு தரமும் நான்தானே தைச்சன்.”

டொக்டர் நிமிர்ந்து, மனைவி என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார்.

ஒன்றுமில்லை என்றேன்.